பத்து வாரம், நான்கு டெஸ்க்டாப், ஒரு எஃப்3 கீ

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியன் 13-ஐ நிறுவும்போது பாதியில் ஒரு பட்டியல் வந்து நிற்கும். க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ பிளாஸ்மா, சின்னமன், மாட்டே, எல்எக்ஸ்கியூடி என்று வரிசையாக டெஸ்க்டாப்களின் பெயர்கள். பட்டை, மெனு, கோப்பு மேலாளர் என்று திரையில் நாம் பழகும் எல்லாம் சேர்ந்த தொகுப்புதான் டெஸ்க்டாப். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழும். எதில் வேண்டுமானாலும் போடலாம், எத்தனையில் வேண்டுமானாலும் போடலாம். நான் நான்கில் போட்டேன்.

அதுதான் முதல் தப்பு. நான்கையும் பார்த்துவிட்டுப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை. கணினி கிளம்பி வந்ததும் மெனுவைத் திறந்தால் கோப்பு மேலாளர் மட்டும் நான்கு. கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் மூன்று. பிடிஎஃப் ஒன்றை இரட்டைக் கிளிக் செய்தால் எது திறக்கும் என்பது அன்றைய ராசிபலன் மாதிரி. பிளாஸ்மாவில் நான் மாற்றிய எழுத்துருவும் நிறமும் எக்ஸ்எஃப்சிஇ-க்குள் போய்ப் பாதி ஒட்டிக்கொண்டன, ஏனென்றால் ஒரே பயனர் கணக்கு, ஒரே ஹோம் ஃபோல்டர், எல்லோருடைய அமைப்புக் கோப்புகளும் அதற்குள்தான். இரண்டு நாள் கழித்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி நிறுவினேன். இந்த முறை ஒரே ஒரு நட்சத்திரம். இரண்டரை வாரம் அதில் வேலை, பிறகு அடுத்தது. இப்படிப் பத்து வாரம் ஓடியது. உங்களுக்கு இவ்வளவு பொறுமை இல்லையென்றால், ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் தனிப் பயனர் கணக்கு ஒன்று உருவாக்குங்கள். மெனுவில் கூட்டம் குறையாது, ஆனால் அமைப்புகளாவது ஒன்றோடொன்று கலக்காது.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் சொல்லும் குறை நிறைகள் பாதி புரியாது. நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள், சில சமயம் பக்கமும் வடிவமைப்பேன். நாள் முழுக்கத் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு. இடது பக்கம் ஆசிரியர் அனுப்பிய ஃபோல்டர், வலது பக்கம் நான் திருத்திய ஃபோல்டர், இரண்டுக்கும் நடுவில் கோப்புகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். மடிக்கணினி 8 ஜிபி ரேம், 14 அங்குலத் திரை. கேம் விளையாடுவதில்லை, வீடியோ வெட்டுவதில்லை.

முதலில் க்னோம். வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளி நம் வீட்டை நம்மைவிடச் சுத்தமாக வைத்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு உணர்வு. திரையில் ஒன்றும் கிடையாது. மேலே ஒரு மெல்லிய பட்டை, அவ்வளவுதான். சூப்பர் கீயை, அதாவது விண்டோஸ் குறி போட்ட கீயை, தட்டினால் திறந்திருக்கும் விண்டோ எல்லாம் சின்னதாகிப் பரவும், கீழே செயலிகள் வரும், தேட நினைத்ததைத் தட்டத் தொடங்கலாம். டச்பேடில் மூன்று விரலை வைத்துப் பக்கவாட்டில் இழுத்தால் அடுத்த பணியிடம் விரலோடு விரலாக நகர்ந்து வரும். மடிக்கணினியில் இதை நாலு நாள் பழகிவிட்டால் மற்ற எல்லாம் கட்டையாகத் தெரியும். 2011-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது கிளம்பிய கூச்சலைப் பார்த்தவள் என்பதால் நான் கொஞ்சம் முறைப்போடுதான் உள்ளே போனேன். இரண்டு வாரத்தில் முறைப்பு போய்விட்டது.

தமிழுக்கு இதைவிடச் சுலபமான இடம் வேறில்லை. பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் என்ற கருவியோடு சேரும் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து, அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் தமிழ்99-ஐச் சேர்த்தால் வேலை முடிந்தது. சூப்பரும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும். இங்கே ஒரு எச்சரிக்கை, இது எல்லா டெஸ்க்டாப்புக்கும் பொருந்தும். பட்டியலில் தமிழ் என்ற பெயரில் வேறு சில விசைப்பலகைகளும் இருக்கும். எம்17என் என்று போட்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும். ‘பக்கம்’ என்று அடிக்கும்போது இரண்டு க அடுத்தடுத்து வந்தால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழ வேண்டும், அதுதானே தமிழ்99-இன் அழகு. மற்றவை ஒரு கீக்கு ஒரு எழுத்து என்ற கணக்கில் இயங்குபவை. முன்னால் என்ன எழுத்து போனது என்று அவற்றுக்குத் தெரியாது, புள்ளியை நாமேதான் வைத்துக்கொண்டு போக வேண்டும். முதல் நாள் தவறானதை எடுத்துவிட்டு, என் விரலுக்கு என்ன ஆயிற்று என்று அரை மணி நேரம் குழம்பினேன்.

சரி, அப்புறம் ஏன் க்னோமில் தங்கவில்லை? எஃப்3.

க்னோமின் கோப்பு மேலாளரில் ஒரு காலத்தில் எஃப்3-ஐத் தட்டினால் விண்டோ நடுவில் பிளந்து இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். 2012-இல் 3.6 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டு விண்டோ திறந்து ஆளுக்குப் பாதியாகத் திரையின் ஓரங்களில் ஒட்டிக்கொள்ளலாமே என்பது பதில். ஒட்டலாம். ஆனால் அப்போது நான் படித்துக்கொண்டிருந்த பிடிஎஃப் இரண்டுக்கும் அடியில் போய்விடும். ஒரு நாளைக்கு அறுபது எழுபது முறை செய்கிற காரியம் இது. கூடவே இன்னொன்று: ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு ‘அத்’ என்று தட்டினால் ‘அத்தியாயம்’ என்று தொடங்கும் கோப்புக்குத் தாவும் என்று என் கை எதிர்பார்க்கிறது. க்னோமில் தட்டினால் தேடல் தொடங்கிவிடும், உள் ஃபோல்டர்களையும் சேர்த்துத் துழாவிக்கொண்டு வந்து கொட்டும். நல்ல வசதிதான், நான் கேட்காத வசதி.

க்ளிப்போர்டு வரலாறும் அதில் இல்லை, கூடுதல் வசதி தரும் துணைநிரலான நீட்சி ஒன்றைச் சேர்க்க வேண்டும். விண்டோவைச் சிறிதாக்கும் பொத்தான் இல்லை, ட்வீக்ஸ் என்ற செயலியில் போய்க் கொண்டுவர வேண்டும். மூலையில் உட்காரும் சின்னச் சின்ன ஐகான்கள் இல்லை, அதற்கும் நீட்சி. நீட்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதிய க்னோம் வரும். ஒவ்வொரு நீட்சியும் எந்தெந்தப் பதிப்பில் ஓடும் என்று தன் நெற்றியில் எழுதிக்கொண்டு வரும், புதிய எண் அதில் இல்லையென்றால் அணைந்துவிடும். ஆகவே நீட்சி எழுதுபவர் சலித்துப் போனால் உங்கள் வசதியும் போச்சு. டெபியன் நிலைப் பதிப்பில் சுமார் இரண்டு வருடம் ஒரே க்னோம்தான் என்பதால் அந்தத் தலைவலி குறைவு. வேகமாக மாறும் வேறு டிஸ்ட்ரோவில், அதாவது வேறு லினக்ஸ் வகையில், இருப்பவர்கள் ஐந்தாறு நீட்சியை நம்பி க்னோமுக்குப் போகாதீர்கள். நீட்சியே இல்லாமல் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் அதைவிடச் சுகம் வேறில்லை.

எக்ஸ்எஃப்சிஇ-க்கு நான் இரண்டாவதாகப் போனேன், ரேம் மிச்சமாகும் என்ற எண்ணத்தில். உள்நுழைந்து எதையும் திறக்காமல் பார்த்தபோது என் கணினியில் எக்ஸ்எஃப்சிஇ முக்கால் ஜிபிக்குக் கொஞ்சம் மேலே, பிளாஸ்மா ஒன்றேகால், க்னோம் ஒன்றரைக்குக் கிட்ட. ஆக, அதிகபட்ச வித்தியாசம் முக்கால் ஜிபி. பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு தாவல்கள் திறந்ததும் அந்த வித்தியாசம் எங்கே போனது என்றே தெரியவில்லை. 2 ஜிபி, 4 ஜிபி கணினி வைத்திருப்பவர்களுக்கு இது வாழ்வா சாவா விஷயம். 8 ஜிபிக்கு மேல் இருப்பவர்கள் ரேமை வைத்து டெஸ்க்டாப் தேர்ந்தெடுப்பது வீண் சிக்கனம் என்பது என் கருத்து.

ஆனால் ரேமை விட்டுவிட்டுப் பார்த்தாலும் எக்ஸ்எஃப்சிஇ மேல் எனக்கு மரியாதை வந்தது. 1996-இல் ஆலிவியே ஃபுர்டான் தொடங்கியது, இன்றைக்கும் அவசரமே படாமல் நடக்கிறது. 4.18 வந்தது 2022 டிசம்பரில், 4.20 வந்தது 2024 டிசம்பரில். போன தடவை எந்த மெனு எங்கே இருந்ததோ இந்தத் தடவையும் அங்கேயே இருக்கும். துனார் என்ற அதன் கோப்பு மேலாளருக்கு 4.18-இல்தான் எஃப்3 வந்தது, தாமதம்தான், ஆனால் வந்துவிட்டது. அதைவிட, ஒட்டுமொத்தமாகப் பெயர் மாற்றும் கருவி ஒன்று துனாரோடு வருகிறது. ஆசிரியர் ஒருவர் நாற்பத்து மூன்று கோப்புகளை ‘புதிது’, ‘புதிது கடைசி’, ‘கடைசியிலும் கடைசி’ என்ற ரீதியில் பெயர் வைத்து அனுப்பியிருந்தார். மொத்தத்தையும் இழுத்து அந்தக் கருவிக்குள் போட்டேன். இடது பக்கம் பழைய பெயர், வலது பக்கம் வரப்போகும் பெயர், மாற்ற மாற்றக் கண்ணெதிரே தெரிகிறது. எண் போட்டு, தேடி மாற்றி, ஒரே கிளிக்கில் முடிந்தது. எந்த டெஸ்க்டாப்பில் இருந்தாலும் இதை மட்டுமாவது நிறுவிக்கொள்ளலாம்.

எனக்கு அது ஒத்துவராமல் போனது கண்ணால். 14 அங்குலத் திரையில் தமிழின் சுழிகளையும் கொம்புகளையும் நாள் முழுக்கப் பார்க்க எனக்கு 125 சதவீதம் பெரிதாக வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ-யில் இதற்கு எல்லோரும் செய்வது எழுத்துருவின் டிபிஐயை, அதாவது எழுத்தின் அளவைத் தீர்மானிக்கும் எண்ணை, 96-இலிருந்து 120 ஆக்குவது. எழுத்து பெரிதாகும், பொத்தானும் ஐகானும் பழைய அளவிலேயே நிற்கும். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்ட மாதிரி. இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியும் உள்ளேயே கிடையாது, ரெட்ஷிஃப்ட் மாதிரி ஏதாவது ஒன்றைத் தனியாக நிறுவ வேண்டும். இரவு பதினொரு மணிக்கு மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. விண்டோக்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலண்டுக்கு ஆதரவும் 4.20-இல் சோதனை நிலையில்தான் தொடங்கியிருக்கிறது.

சின்னமன் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதற்கான பாராட்டு. விண்டோஸிலிருந்து வரும் நண்பர் யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். அதன் கோப்பு மேலாளரான நீமோவில் எஃப்3 உண்டு. உட்கார்ந்தேன், வேலை பார்த்தேன், எழுந்தேன். இரண்டரை வாரத்தில் குறிப்பேட்டில் நான் எழுதியது மொத்தம் நாலு வரி.

கடைசியில் பிளாஸ்மா. வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்தேன். வருடங்களுக்கு முன்னால் அதன் அமைப்புகள் பக்கத்தைத் திறந்துவிட்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன். விண்டோ நிழலின் கருமையைக்கூட மாற்றலாம் என்றால் எவளுக்குத்தான் கை சும்மா இருக்கும்? இந்த முறை ஒரு விதி வைத்துக்கொண்டேன்: முதல் ஒரு வாரம் தமிழும் திரை அளவும் தவிர எதையும் தொடக் கூடாது.

தமிழ்தான் முதலில் படுத்தியது. பிளாஸ்மா 6-இல் வேலண்ட்தான் இயல்புநிலை. அதில் ஐபஸ் மாதிரியே இன்னொரு தட்டச்சுக் கருவியான எஃப்சிஐடிஎக்ஸ் 5-ஐ நிறுவி எம்17என் துணைத் தொகுப்பையும் போட்டாயிற்று, தமிழ் வரவில்லை. காரணம், அதை இயக்கும் இடம் ‘மெய்நிகர் விசைப்பலகை’ என்ற தலைப்புக்கு அடியில் இருக்கிறது. திரையில் விரலால் தட்டுகிற கீபோர்டுக்கான இடம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நானும் அப்படி நினைத்துத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன். அங்கே போய் எஃப்சிஐடிஎக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுத்ததும் எல்லாம் சரியாயிற்று. பிளாஸ்மாவில் தமிழ் வராமல் தவிப்பவர்கள் முதலில் அங்கே பாருங்கள்.

திரை அளவு 125 சதவீதம் என்று வைத்தேன். எழுத்து, பொத்தான், ஐகான் எல்லாம் சேர்ந்து வளர்ந்தன. வெளித்திரை ஒன்றை இணைத்தபோது அதற்கு 100, இதற்கு 125 என்று தனித்தனியாக வைக்க முடிந்தது.

அதன் பிறகு வரிசையாகக் கிடைத்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். டால்ஃபின் என்ற அதன் கோப்பு மேலாளரில் எஃப்3. அதே டால்ஃபினில் எஃப்4 தட்டினால் கீழே டெர்மினல், அதே ஃபோல்டரில் நிற்கும். பெயர் மாற்ற நாற்பது கோப்பைத் தேர்ந்தெடுத்து எஃப்2 தட்டி, எண் வர வேண்டிய இடத்தில் ஹாஷ் குறி போட்டால் வரிசையாக எண் விழும். மெட்டாவும் (அதே சூப்பர் கீதான்) வி-யும் சேர்த்துத் தட்டினால் இதுவரை நகலெடுத்த துண்டுகள் எல்லாம் பட்டியலாக வரும். ஒரு நூலில் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். மூன்றையும் நகலெடுத்துவிட்டு, ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டிக்கொண்டே போகலாம். ஆல்ட் ஸ்பேஸ் தட்டினால் மேலே ஒரு பெட்டி இறங்கும். அதில் 8.5 அங்குலம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டால் 21.59 என்று அங்கேயே சொல்லும். அச்சகத்துக்குப் பக்க அளவு அனுப்பும் ஒவ்வொரு முறையும் பிரவுசரைத் திறந்துகொண்டிருந்தவள் நான்.

எட்டாம் நாள் விதி தளர்ந்தது. பேனலை நகர்த்தப் போய் அழித்தே விட்டேன். கீழே மெனுவும் இல்லை, கடிகாரமும் இல்லை. ‘மீட்கவா’ என்று ஓர் அறிவிப்பு வந்தது, நான் திகைத்து முடிப்பதற்குள் அதுவும் போய்விட்டது. பயப்பட ஒன்றும் இல்லை. டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து, திருத்தும் முறைக்குள் போய், இயல்பான பேனலைச் சேர் என்றால் புதிது ஒன்று வந்துவிடும். ஆனால் இவ்வளவு சுலபமாக அழிக்க முடிகிற ஒன்றை வீட்டில் எல்லோரும் தொடும் கணினியில் வைக்க மாட்டேன். என்னுடையதில் வைத்துக்கொண்டேன். இதை எழுதுவதும் பிளாஸ்மாவில்தான்.

மெனு எல்லாம் தமிழில் வருமா என்று கேட்பவர்களுக்கு: வரும், எந்த டெஸ்க்டாப்பிலும் மொழியைத் தமிழாக்கிக்கொள்ளலாம். தன்னார்வலர்கள் நேரம் ஒதுக்கிச் செய்யும் மொழிபெயர்ப்பு, ஆகவே நடுவில் ஆங்கிலம் தலைகாட்டும். மெய்ப்புப் பார்ப்பவளுக்கு அங்கேயும் கை துறுதுறுக்கிறது, அது வேறு கதை.

அப்பாவின் கணினி தனி விவகாரம். 4 ஜிபி, பழையது. அப்பா க்னோம் 2 காலத்து ஆள். ‘செயலிகள், இடங்கள், கணினி’ என்று மேலே மூன்று மெனு இருக்குமே, அதைப் பழகியவர். அந்தக் கணினியைப் புதுப்பிக்காமலே பல வருடம் ஓட்டிவிட்டார். ரேம் குறைவு என்பதால் நான் கேட்காமலே எக்ஸ்எஃப்சிஇ போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் போன்.

“என்னம்மா, ஸ்கிரீன் முழுக்க ஒரே ஒரு எழுத்துதான் தெரியுது.”

“என்னப்பா பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணல. மவுஸை உருட்டினேன்.”

போய்ப் பார்த்தால், ஆமாம், செய்தித் தலைப்பின் ஒரே ஒரு ‘ழ’ திரையை அடைத்துக்கொண்டு நின்றது. விசாரித்ததில் விஷயம் பிடிபட்டது. விண்டோவை நகர்த்த அப்பா தலைப்புப் பட்டையைத் தேட மாட்டார். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு விண்டோவில் எங்கே வேண்டுமானாலும் பிடித்து இழுப்பார், அந்தக் காலத்துப் பழக்கம். எக்ஸ்எஃப்சிஇ-யிலும் அது வேலை செய்யும். இழுத்த பிறகு ஆல்ட்டிலிருந்து விரலை எடுக்காமலே சக்கரத்தை உருட்டியிருக்கிறார். எக்ஸ்எஃப்சிஇ-யில் ஆல்ட்டோடு உருட்டினால் திரை பெரிதாகும். கண் பார்வை குறைந்தவர்களுக்கு அருமையான வசதி, தெரியாமல் மாட்டிக்கொண்டால் பேய் பிடித்த மாதிரி. எதிர்ப்பக்கம் உருட்டினால் சரியாகிவிடும். அமைப்புத் திருத்தியில் விண்டோ மேலாளர் பகுதிக்குள் போனால் அதை அணைக்கவும் முடியும். அணைத்தும் கொடுத்தேன். அப்பா தலையை ஆட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை. “அந்த மூணு மெனு எங்கே?” என்றார்.

மூன்று மெனுவுக்காகத்தான் மாட்டே. 2011-இல் க்னோம் அடியோடு மாறியபோது, பழையதே போதும் என்று அதன் நிரலை எடுத்துத் தனியாக வளர்க்கத் தொடங்கியதுதான் அது. சின்னமன் பிறந்ததும் அதே மனத்தாங்கலில்தான். ஆனால் சின்னமன் புதிய க்னோமின் மேல் பழைய முகத்தைக் கட்ட முயன்றது, மாட்டே பழைய வீட்டையே காலி செய்யாமல் இருந்துகொண்டது. நிறுவி முடித்து அப்பாவை உட்கார வைத்தேன். மேலே இடது மூலையில் மூன்று மெனு. அப்பா மவுஸைத் தொட்ட வேகத்திலேயே தெரிந்துவிட்டது. எதையும் தேடவில்லை, கை நேராக ‘இடங்கள்’ மேல் போய் நின்றது.

போன வாரம் அவர் கணினியில் ஒரு கோப்பை எடுத்துக் கொடுக்க உட்கார்ந்தேன். மாட்டேயின் கோப்பு மேலாளரான காஜாவைத் திறந்ததும் என் விரல் தன்பாட்டுக்கு எஃப்3-ஐத் தட்டியது. விண்டோ இரண்டாகப் பிரிந்தது.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “இது எப்ப வந்துச்சு?”

“உங்க பழைய க்னோம்லயே, 2010-லேயே வந்துடுச்சுப்பா.”

“சொல்லவே இல்லையே” என்றார். பிறகு எஃப்3-ஐ அவரே நாலைந்து முறை தட்டித் தட்டிப் பார்த்தார்.